சேதம் நேர்ந்த விதம்

ஏழாவது கட்டத்தில் வந்து பேனா நின்றுவிட்டது. பெயர், வயது, முகவரி, பாலிசி எண், சேதமான பொருள் எல்லாம் எழுதியாகிவிட்டது. எழுத்து ஒவ்வொன்றும் கோட்டின் மேல் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தது. முப்பத்து நாலு வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக ஊர் ஊராகப் போய், எரிந்த கடையையும் நசுங்கிய லாரியையும் பார்த்து ரிப்போர்ட் எழுதிய கை அல்லவா, அறுபத்தொன்பது வயதிலும் ஒரு நடுக்கம் இல்லை பார் என்று அருமைநாயகம் தன் கையைத் தானே மெச்சிக்கொண்டார். ஏழாவது கட்டம்: சேதம் நேர்ந்த விதம். கீழே நாலு வெறும் கோடுகள். என்னத்தை எழுத? போன் அவர் மனைவி ரூபியுடையது. அது விழுந்து உடைந்தது என்று சொல்கிறவளும் அவள்தான். அதை அப்படியே எழுதிவிட்டுப் போகவேண்டியதுதானே, இதற்கு ஒரு காலைப்பொழுதா என்று வேறு யாராவது கேட்கலாம். அவரால் முடியவில்லை. பாளையங்கோட்டையில் இந்த மூன்றாவது மாடி வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்தது புனேயில் வேலை பார்க்கிற மகன் டைட்டஸ். வீட்டுச் சாமான்களோடு போனும் அதில் சேர்த்தி. அப்பாதான் சர்வேயராச்சே, ஃபார்மை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன் என்று அவன் சொன்னதாக ரூபி சொன்னாள். சொன்னதாக. இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை கிளைமை அவர் கவிழ்த்திருக்கிறார். மேஜையில் ஒரு பக்கம் ஃபார்ம் கட்டு, இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் உறைக்குள் செத்துக் கிடக்கிற போன், நடுவில் காப்பி. காப்பியும் சரியில்லை. சீனி போட்டிருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் கருப்பட்டிக் காப்பிதான். தினமும் விடிந்ததும் அடுப்படி மேடையில் கருப்பட்டி வட்டை வைத்து, இரும்புக் குழவியால் நடுமண்டையில் ஒரே போடு போட்டு உடைத்துக் கொடுப்பது அவர் வேலை. இன்றைக்கு உடைத்தாரா? உடைக்கவில்லை. நேற்று? நேற்று என்றதும் மனசு ஈரத் தரையில் கால் வைத்ததுபோல் லேசாக வழுக்கியது. அவர் அந்தப் பக்கம் போகாமல் காப்பியை இன்னொரு வாய் குடித்தார்.

"என்ன ரூபி, சீனி போட்டிருக்கே?" என்று கேட்டதற்கு, "கருப்பட்டி தீந்துட்டுங்க" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. கேள்வி முடிவதற்குள் வந்தது. அதுதான் உறுத்தியது. பொய் சொல்கிறவர்கள் முழிப்பார்கள், திக்குவார்கள் என்று ஊரெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறது. சுத்த அபத்தம். திக்குகிறவன் முக்கால்வாசி யோக்கியன், நடந்ததை நினைவிலிருந்து தோண்டி எடுக்க அவனுக்கு நேரம் வேண்டும். பொய்க்காரனுக்கு எதற்கு நேரம், அவன்தான் ராத்திரியே பதிலைச் சமைத்து மூடி வைத்திருப்பானே. ரூபி அவரைக் கட்டிக்கொண்டு நாற்பத்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் பொய் சொல்லி அவர் பார்த்ததில்லை. நகை அடகு வைத்ததைக்கூட இரண்டு நாள் திக்கித் திணறி மூன்றாம் நாள் அழுதுகொண்டே சொன்னவள். அப்படிப்பட்டவளிடம், போன் எப்படி உடைந்தது என்று அவர் இன்று காலை கேட்கவும், "பாத்ரூம் வாசல்ல வச்சு கை வழுக்கிட்டுங்க. ஈரக்கை. தொப்புன்னு விழுந்துட்டு. அவ்வளவுதான்" என்று மளமளவென்று ஒப்பித்தாள். அவ்வளவுதான் என்று கடைசியில் சேர்த்தாளே, அங்கேதான் மாட்டிக்கொண்டாள். பேசும்போது இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். மோதிர விரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அதென்ன என்றால் அருவாமணை வெட்டிட்டு என்றாள், அதுவும் கேட்கக் கேட்க. இடது கை அருவாமணையில் எப்படி வெட்டும், கத்தரிக்காயைப் பிடிக்கிறபோது வெட்டலாம், வெட்டும், சரி. எல்லாவற்றையும் சந்தேகப்படாதே அருமை, இவள் உன் பெண்டாட்டி, குடோனைத் தானே கொளுத்திவிட்டுக் கிளைம் போட்ட தூத்துக்குடி முதலாளி இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பேனாவை எடுத்து முதல் கோட்டில் வைத்தார். ஒரு புள்ளி விழுந்தது. மேலே ஓடவில்லை.

ஏனென்றால் போன் வேறு கதை சொல்லிற்று. ரூபி கொடியில் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போன சத்தம் கேட்டதும் அவர் உறையைப் பிரித்துப் போனைக் கையில் எடுத்தார், இழவு வீட்டில் முகத்துணியை விலக்குகிற மாதிரி மெதுவாக. விழுந்த போன் எப்படி உடையும் என்று அவருக்குத் தெரியும். விழுகிற பொருள் மூலையைக் கொடுத்துத்தான் விழும். மூலை நசுங்கும், அந்த மூலையிலிருந்து கீறல் கிளம்பி உள்ளே ஓடும். இதில் நாலு மூலையும் கடையில் வாங்கின மாதிரி இருந்தன. உடைப்பு நட்டநடுவில். அங்கே ஒரு குழி, பிறை வடிவத்தில், அதிலிருந்து நாலாபக்கமும் கீறல். மேலிருந்து யாரோ கனமான எதையோ ஓங்கி அடித்திருக்கிறார்கள். ஒரு தடவை அல்ல. பிறைக்குப் பக்கத்தில் இன்னொரு பிறை, கொஞ்சம் தள்ளி மூன்றாவது. தரையில் விழுந்ததாம், ஈரக்கையாம். யார் காதில் பூ சுற்றுகிறாள்? அடித்தது யார்? வீட்டில் இரண்டு பேர். ஒருத்தி மாடியில் துணி காயப்போடுகிறாள். அவர் போனைத் திருப்பினார். கெட்டியான பழுப்பு ரப்பர் உறை. அதன் ஓரமாக எறும்பு போயிற்று. ஒன்று, அதன் பின்னால் இன்னும் இரண்டு, அப்புறம் ஒரு சாரியே கண்ணாடி விரிசலுக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. போனில் எறும்புக்கு என்ன சோலி? சிவத்த சிற்றெறும்பு, தித்திப்புக்கு வருகிற ஜாதி. இதை எழுதிவை, இதை எழுதிவை என்று பழைய சர்வேயர் உள்ளேயிருந்து அரித்தான். எழுதிவைக்க அவருக்குப் பயமாக இருந்தது.

சவரியம்மாள் வீட்டிலும் எறும்பு. எங்கிருந்து வந்தாள் இவள் இந்த நேரத்தில். தூத்துக்குடியில் கடற்கரைப் பக்கம், ஒற்றை அறை வீடு, விதவை, எழுபது வயசிருக்கும். தையல் மெஷினும் டிவியும் கட்டிலும் எரிந்துபோய் கிளைம் போட்டிருந்தாள். தீ எப்படிப் பிடித்தது அம்மா என்று கேட்டதற்கு, ஸ்டவ் வெடிச்சிட்டு என்றாள். மறுநாள் போய்க் கேட்டால், கரண்டு வயர்ல பொறி பறந்துச்சு. ஒரு வாரம் கழித்துக் கேட்டால், மாதாவுக்கு வச்ச மெழுகுவத்தி சரிஞ்சிட்டு அய்யா. மூன்றையும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். அவர் இருந்த ஒரு மணி நேரத்துக்குள் மூன்று தடவை காப்பி கொண்டுவந்து வைத்தாள், முதல் தம்ளர் தொடாமல் இருக்கும்போதே இரண்டாவது, இரண்டாவது இருக்கும்போதே மூன்றாவது. வைத்த தம்ளர்களைச் சுற்றி எறும்பு மொய்த்தது. சர்வேயரைக் குளிப்பாட்டப் பார்க்கிறாள், கைகாரி என்று அவர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். ரிப்போர்ட் இன்னும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. உரிமை கோருபவரின் கூற்றுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. கோரிக்கையை நிராகரிக்கப் பரிந்துரைக்கிறேன். நல்ல ரிப்போர்ட் என்று மேலதிகாரி பாராட்டினார். முப்பது வருஷத்துக்கு முந்தின காப்பித் தம்ளர் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, அதன் வாயில் இருந்த நெளிவுகூடத் தெரிகிறது, நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டோம் என்பது தெரியவில்லை. மீனா? நேற்று என்ன கிழமை? அந்தக் கிழவி பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். காப்பி கொடுத்ததே தெரியவில்லை. அதைப் புரிந்துகொள்ள அவருக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. அவள் மண்ணோடு மண்ணாகியிருப்பாள்.

ஆகஸ்ட் மாதம் நடந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மறக்கவேண்டியதை மறக்காது இந்த மண்டை. ரூபி சர்ச்சுக்குப் போயிருந்தாள். அவர் பால் காய்ச்ச வைத்துவிட்டு வாசல் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். பால் பொங்கி அடுப்பை அணைத்து, கேஸ் வீடெல்லாம் பரவி, எதிர்வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவை உடைத்தார்கள். யாருக்கும் நடக்கிறதுதான். சிறுவயசுக்காரர்களே மறக்கிறார்கள். டைட்டஸ் மறுநாளே விமானத்தில் வந்து இறங்கினான். அவரை உட்காரவைத்துப் பேசியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். அவர் தூங்குகிறார் என்று நினைத்து அம்மாவிடம் பேசினான். "அம்மா, இன்னொரு தடவ இப்படி ஏதாவது நடந்தா நான் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன். அங்க ஒரு இடம் பாத்து வச்சிருக்கேன். நர்ஸ் உண்டு, டாக்டர் உண்டு. அப்பா அங்க இருக்கட்டும். நீங்க எங்கூட வந்திருங்க." நல்ல பையன். அவன் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது, அதுதான் கொடுமை. அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார். இடமாம். இடத்துக்கு ஒரு பெயர்கூட அவன் சொல்லவில்லை. இந்தி பேசுகிற நர்ஸ், சப்பாத்தி, வரிசையாகக் கட்டில், பக்கத்துக் கட்டிலில் வாயைப் பிளந்துகொண்டு யாரோ. ரூபி எங்கே என்று கேட்டால் நாளைக்கு வருவாங்க அங்கிள் என்பார்கள். தினமும் கேட்பார், தினமும் நாளைக்கு என்பார்கள். அவருக்குத்தான் நேற்றுக் கேட்டது தெரியாதே, எவ்வளவு வசதி. அன்றிலிருந்து இந்த வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுக்காமலே அது நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

சட்டைப் பையில் குத்தியிருந்த குண்டூசியை எடுத்து, விரிசலுக்குள் விட்டுச் சுரண்டினார். கண்ணாடித் தூளோடு கறுப்பாக ஏதோ பொடி வந்தது. தூளைத் தள்ளிவிட்டுப் பொடியை மட்டும் விரல் நுனியில் ஒற்றி நாக்கில் வைத்தார். தித்தித்தது. சீனித் தித்திப்பு இல்லை, அடியில் லேசான கரிப்பும் புகை வாசமுமாக, அறுபது வருஷமாக நாக்குக்குத் தெரிந்த தித்திப்பு. கருப்பட்டி. அவர் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். இரும்புக் குழவி மேடையில் அதன் இடத்தில் இல்லை. அலமாரியில் இல்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால், சாக்குத் துணியில் சுற்றி ஒளித்து வைத்திருந்தது. கருப்பட்டி டப்பா பரணில், ஏணி போட்டால்தான் எட்டும் உயரத்தில், நிறைய. தீர்ந்துவிட்டதாம். குழவியின் அடிப்பாகத்தைப் போன் குழியின் மேல் பொருத்திப் பார்த்தார். பிறையில் பிறை அச்சாக உட்கார்ந்தது. முடிந்தது விசாரணை. கருப்பட்டி என்று நினைத்துப் போனை உடைத்திருக்கிறார். பழுப்பு உறை, கைக்கு அடக்கமான கனம், விடிகாலை மங்கல், மேடையில் யார் வைத்தார்களோ. ஒரு அடியில் உடையாததால் இரண்டாவது அடி, மூன்றாவது அடி. இன்றைக்குக் கருப்பட்டி கல்லாட்டம் இருக்கே என்றுகூட நினைத்திருப்பார். முழுசும் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஆனால் அது நினைவு இல்லை. மற்றவர்களின் எரிந்த கடைகளை எப்படிக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவருவாரோ அப்படிக் கொண்டுவந்ததுதான். அந்தக் காலையில் அவர் இல்லவே இல்லை. குழவியைக் கீழே வைக்கப் போனபோது அதன் விளிம்பில் காய்ந்த கறையைப் பார்த்தார். கருப்பட்டிக் கறுப்பு இல்லை. துரு என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். துரு இல்லை. இடது கை. மோதிர விரல். ஐயோ, என்ன செய்றிய, அது போனுங்க என்று ஓடிவந்து கையை நீட்டியிருப்பாள்.

போனையும் குழவியையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அருவாமணை வெட்டினதாகச் சொன்ன விரலில் நகம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் இப்போது அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. இன்றைக்கு விரல். கருப்பட்டி எது போன் எது என்று தெரியாதவனுக்கு நாளைக்குத் தலை எது என்று எப்படித் தெரியும்? எழுதிவிடவேண்டும். உள்ளதை உள்ளபடி எழுதி டைட்டஸுக்கு அனுப்பிவிடவேண்டும். இன்சூரன்ஸ்காரன் கொடுக்கிறான், கொடுக்காமல் போகிறான், அவன் கிடக்கிறான். கிளைமே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றாலோ, ஏம்ப்பா, ஒரு ஃபார்ம்கூடவா எழுத முடியலை என்று அந்தக் கேள்வி வந்து நிற்கும். ஆக எப்படியும் சொல்லத்தான் வேண்டும், இன்றைக்கே, இப்போதே, நினைவு இருக்கிறபோதே. முதல் கோட்டில் புள்ளி வைத்து அசிங்கப்படுத்திய தாளை ஒதுக்கிவிட்டு, ஃபார்ம் கட்டிலிருந்து புதுத் தாளை எடுத்தார். எதற்கு இவ்வளவு தடிமனாகக் கட்டு என்று அப்போதுதான் பட்டது. ஒரு கிளைமுக்கு ஒரு ஃபார்ம், தப்பினால் இரண்டு. இதில் ஏழெட்டு இருக்கிறதே. ஜன்னல் வெயில் மேஜையில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. பழைய பழக்கம், கை தானாகவே தாளை வெயிலுக்குச் சாய்த்தது. மேல் தாளில் அழுத்தி எழுதினால் கீழ்த் தாளில் மையில்லாமல் எழுத்து பதியும். கணக்கைத் திருத்தின கடைக்காரர்கள் பாதிப் பேரை அவர் பிடித்தது அப்படித்தான். தாளில் எழுத்து இருந்தது. ஏழாவது கட்டத்து நாலு கோடுகளிலும் வெள்ளை வெளேரென்று பள்ளம் பள்ளமாக எழுத்து, ஒன்றின் மேல் ஒன்று, இரண்டு மூன்று தடவை எழுதினது. கருப்ப என்று ஒரு இடத்தில். தவறி என்று ஒரு இடத்தில். குழவி என்று ஒரு இடத்தில். தாளின் கீழ் மூலையில் இன்னும் ஆழமாக ஏதோ கீறல், ஒரே இடத்தில் பல தடவை விழுந்து குழம்பிப் படிக்க முடியாமல் இருந்தது. அந்த 'ழ'வின் வாலை அவருக்குத் தெரியும். உலகத்தில் அப்படி வால் போடுகிறவர் ஒரே ஒருத்தர்தான்.

ரூபி காலி வாளியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. வாளியைக் கீழே வைப்பதற்குள் மேஜையில் இருந்த குழவியைப் பார்த்துவிட்டாள். "ரூபி, நான் இத முன்னாலயே எழுதினேனா?" என்று கேட்டார். இந்தத் தடவை பதில் உடனே வரவில்லை. அவள் திக்கினாள். அப்பாடா என்று அவருக்கு இருந்தது, உண்மை வரப்போகிறது. "அது வந்து... என்னங்க..." என்று இழுத்துவிட்டு, மேஜையின் இழுப்பறையைத் திறந்து, துணி விரிப்பின் அடியிலிருந்து மூன்று தாள்களை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தேதிக்குப் பக்கத்தில் திங்கள், செவ்வாய், புதன் என்று கிழமை. இன்று வியாழன் போலிருக்கிறது. திங்கள் தாளில், பாத்ரூம் வாசலில் மனைவியின் கையிலிருந்து தவறி விழுந்தது என்று எழுதி, அதை அவரே அடித்துவிட்டு, மூலைகள் நசுங்கவில்லை, நம்பத்தகுந்ததாக இல்லை என்று பக்கத்தில் குறித்திருந்தார். செவ்வாய்த் தாளில் ஒரே வரி: எனக்கு நினைவில்லை. புதன் தாளில் நாலு கோடும் நிறைந்து, ஓரத்திலும் ஏறி இறங்கியிருந்தது. கருப்பட்டி என்று தவறாக எண்ணி நானே குழவியால் மூன்று முறை அடித்து உடைத்தேன். தடுக்க வந்த என் மனைவியின் விரலும் நசுங்கியது. இது விபத்து அல்ல. என் மூளை சரியில்லை. கையெழுத்து, தேதி, நேரம், எல்லாம் சுத்தம். மூன்று கூற்று, ஒன்றுக்கொன்று முரண், ஒரே கையெழுத்து. இதை எவனாவது தன்னிடம் கொண்டுவந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் நிராகரித்திருப்பார். சவரியம்மாளை நிராகரிக்க அவருக்கு அந்த ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"நேத்து இத அனுப்பச் சொன்னேனா?" "சொன்னிய." "அனுப்புனியா?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஏன்டி?" என்று அவர் கத்தினார். ரூபி அழுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை. "அனுப்புனா உங்களக் கூட்டிட்டுப் போயிருவான்லா" என்றாள். "என்னைய வீட்டுல வச்சுக்கிட்டு உங்கள அங்கன கொண்டு போய்ப் போட்டுருவான். ராத்திரி முழிச்சு ரூபி ரூபின்னு கூப்பிடுதிய. அங்க யாரு ஏன்னு கேப்பா? நீங்க தினமும் கண்டுபிடிக்கிய. தினமும் இப்படித்தான் குழவியத் தூக்கிட்டு வந்து நிக்கிய. நானும் தினமும் ஒளிச்சு வைக்கேன். நீங்க முத நாள் எழுதுனதுல சும்மா ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா இந்தப் பாடு உண்டா? பெரிய சர்வேயரு." அவர் கையை நீட்டி அவள் இடது கையை இழுத்துத் துணியைப் பிரித்தார். அவள் விட்டுவிட்டாள். நகம் இல்லை. விரல் நுனி தட்டையாக, கருநீலமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்றால் போனால் எப்படின்னு கேப்பாங்கல்லா என்றாள். திரும்பவும் துணியைச் சுற்றத் தெரியாமல் அவர் சுற்றினார். "நானே டைட்டஸுக்கு போன் போடுதேன்" என்றார். அவருடைய பட்டன் போன் ஜன்னல் ஓரத்தில் சார்ஜில் தொங்கியது. நாலே எட்டில் போய்விடலாம். எழுந்திருக்க வேண்டும், பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும், டைட்டஸ் என்று கூப்பிட வேண்டும். அவர் எழுந்திருக்கவில்லை. "நானே இன்னிக்குச் சாயங்காலம் கூரியர் கடைல கொடுத்து அனுப்பச் சொல்லுதேங்க, நேத்து எழுதினதையே" என்றாள் ரூபி. அவர் கேட்கவே இல்லை, அதற்குள் சொல்லிவிட்டாள். சமைத்து மூடி வைத்த பதில். முப்பத்து நாலு வருஷத்தில் இப்படி ஒரு கூற்றை அவர் ஒரு தடவைகூட விட்டதில்லை. வரிசைக் கட்டில்கள் கண்ணில் வந்தன. ரூபி இல்லாத ஒரு காலை வந்தது, அதற்கடுத்த காலையும் வந்தது. அவருக்குப் பயம். நகமில்லாத அந்த விரலைப் பார்த்துக்கொண்டேதான் பயந்தார், அந்த விரலைவிடப் பெரியதாக இருந்தது அந்தப் பயம். அதற்காகத் தன்னை அருவருத்தார். "சரி" என்றார்.

ரூபி மூன்று தாள்களையும் இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, குழவியைச் சாக்குத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இந்தத் தடவை எங்கே ஒளிக்கிறாள் என்று அவர் காதைத் தீட்டவில்லை. கீழே ஒரு ஆட்டோ வந்து நின்று, யாரோ பேரம் பேசினார்கள். சாயங்காலம் அவள் அனுப்பமாட்டாள். நாளைக்குக் காலையில் ஒருத்தன் இதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து, தன் கை நடுங்கவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டு, ஏழாவது கட்டத்தில் நிற்பான். சீனிக் காப்பி குடிப்பான். அவனாவது எழுந்து அந்த நாலு எட்டு நடக்கட்டும். அவனுக்கு ஒன்று சொல்லிவைக்க வேண்டும், ரூபி கண்ணில் படாமல். மையில் எழுதினால் கிழித்துவிடுவாள். அவர் சட்டைக் குண்டூசியைத் திருப்பிப் பிடித்து, அதன் மொண்ணைத் தலையைக் கட்டின் மேல் தாளில் வைத்தார். மையில்லாமல் அழுத்தி எழுதினால் போதும், வெயிலுக்குச் சாய்த்துப் பார்க்கிற பழக்கம் இந்த வீட்டில் ஒருத்தனுக்குத்தான் உண்டு. எங்கே எழுதலாம் என்று தேடிக் கீழ் மூலையைத் தேர்ந்தெடுத்தார். அங்கேதான் அவன் கண் போகும். டைட்டஸிடம் சொல்லிவிடு, ரூபி அனுப்பமாட்டாள் என்று எழுத ஆரம்பித்தார். இரண்டாவது எழுத்திலேயே கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. குண்டூசித் தலை ஏற்கெனவே இருந்த பள்ளத்தில் இறங்கி, அது போன வழியே, 'ட்'டுக்கு மேல் புள்ளி வரைக்கும், தானாக ஓடிக்கொண்டிருந்தது.